எந்தச் செல்போன் நன்றாக டவர் எடுக்கும்?



"எந்தச் செல்போன் வாங்கலாம், சார்?" என்று என்னைக் கேட்காதவர்கள் குறைவு. கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவருக்கு எல்லா மின்கருவிகளும் அத்துப்படியாக இருக்கும் என்று மக்கள் நம்புகிறார்கள். பெரும்பாலும் சிரித்து மழுப்பிவிடுவேன். சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலையில் அப்படி மழுப்ப முடியவில்லை.

அன்று பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் தந்தையுடன் வீட்டிற்கு வந்தாள். தந்தை பால் வண்டி ஓட்டுபவர். விடியற்காலை மூன்று மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார். அவர்கள் ஊர் மலையடிவாரத்தில், ஒரு குன்றின் மறைவில் இருக்கிறது. வீட்டில் இதய நோயாளியான தாத்தா.

"வீட்டுக்குள்ளே டவரே எடுக்கறதில்லை சார். போன மாசம் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தப்ப, 108-க்குப் பேச இவள் கிணற்று மேட்டுக்கு ஓடினாள். ராத்திரி நேரம், பாம்பு பூச்சி நடமாடற இடம். நல்ல போனா ஒண்ணு வாங்கிடலாம்னு பார்க்கிறேன். பதினோராயிரம் வரைக்கும் சேர்த்து வெச்சிருக்கேன்" என்றார் தந்தை.

மகள் ஏற்கெனவே ஒரு முடிவுடன்தான் வந்திருந்தாள். அவளுடைய அத்தை மகன், 2019இல் வாங்கிய தன் போனைப் பதினோராயிரத்துக்கே தருவதாகச் சொல்லியிருந்தான். வாங்கியபோது அதன் விலை அதைப்போல் மூன்று மடங்கு! கண்ணாடி முதுகு, பளபளக்கும் உலோகச் சட்டம், மூன்று கேமராக்கள். "அது விலை உயர்ந்த போன், சார். டவரும் நன்றாகத்தானே எடுக்கும்?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. விலையும் அழகும் உயர்ந்தால் அலையை வாங்கும் திறனும் உயருமா? வாருங்கள், பார்ப்போம்.

கோடுகளை நம்பலாமா?

போனின் திரையில் மேல் மூலையில் சிறிதும் பெரிதுமாகச் சில கோடுகள் தெரிகின்றன அல்லவா? நான்கும் நிறைந்திருந்தால் "ஃபுல் டவர்" என்கிறோம். ஆனால் எத்தனை திறனுக்கு எத்தனை கோடு என்று உலகம் முழுவதற்கும் பொதுவான விதி எதுவும் இல்லை. அதைத் தயாரிப்பாளரும் மென்பொருளும் தீர்மானிக்கின்றன. ஒரு போனில் மூன்று கோடு காட்டும் அதே அலை இன்னொரு போனில் இரண்டு கோடு காட்டலாம். பால்காரர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு படி வைத்துக்கொண்டால் எப்படியிருக்கும்? அப்படித்தான் இதுவும்.

அப்படியானால் பொதுவான அளவை எது? அது போனுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் அமைப்புகள் பகுதிக்குச் சென்று, "போனைப் பற்றி" என்பதைத் திறந்து, சிம் நிலை என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே "−98 டி.பி.எம்." என்பது போல ஓர் எண் இருக்கும். டி.பி.எம். என்றால் ஒரு மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்ட டெசிபல் அளவு.

நீங்கள் கணக்கில் படித்த மடக்கைதான் இங்கு வேலை செய்கிறது. 0 டி.பி.எம். என்பது ஒரு மில்லிவாட். ஒவ்வொரு 10 குறையும்போதும் திறன் பத்தில் ஒரு பங்காகிறது. ஒவ்வொரு 3 குறையும்போதும் ஏறத்தாழப் பாதியாகிறது. ஆகவே −100 டி.பி.எம். என்றால், ஒரு மில்லிவாட்டை ஆயிரம் கோடிப் பங்குகளாக்கி அதில் ஒரே ஒரு பங்கு! இவ்வளவு நுண்ணிய திறனைக் கொண்டு உங்கள் அத்தையின் குரலைப் போன் மீட்டுத் தருகிறது என்பது வியப்பல்லவா?

4ஜி சேவையில் −90க்கு மேல் (அதாவது −85, −80 என்று) இருந்தால் நன்று. −105 வரையில் பழுதில்லை. −115ஐ நெருங்கினால் பேச்சு அறுபடத் தொடங்கும். −120ஐத் தாண்டினால் தொடர்பு கிடைப்பதே அரிது. இவை தோராயமான எல்லைகளே. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 4ஜியில் காட்டப்படும் எண், கோபுரம் அனுப்பும் அடையாள அலைக்கூறு ஒன்றின் திறனைக் குறிக்கிறது. ஆகவே அதை 2ஜியில் காட்டும் எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

குன்றைச் சுற்றி வரும் அலை

கோபுரத்திலிருந்து புறப்படும் அலை ஏன் வலுவிழக்கிறது? முதல் காரணம் தொலைவு. தடையற்ற வெளியில் தொலைவு இரு மடங்கானால் திறன் நான்கில் ஒரு பங்காகும். இது எதிர்விகித இருமடி விதி. அடுத்த காரணம் தடைகள். மண், கல், கான்கிரீட், அதனுள் இருக்கும் இரும்புக் கம்பி, நீர் நிறைந்த மரத்தின் இலைகள் ஆகியவை அலையை உட்கவர்கின்றன அல்லது எதிரொளிக்கின்றன.

ஆனால் எல்லா அலைகளும் ஒன்றுபோலத் தடைபடுவதில்லை. சுவருக்கு அப்பால் நின்று ஒருவர் கூப்பிட்டால் குரல் கேட்கிறது, ஆள் தெரிவதில்லை. ஏன்? ஒலியின் அலைநீளம் பெரிது, ஆகவே அது சுவரின் விளிம்பில் வளைந்து வருகிறது. ஒளியின் அலைநீளம் மிகச் சிறிது, அதனால் அவ்வாறு வளைவது நமக்குப் புலப்படுவதில்லை. இதையே விளிம்பு விளைவு என்று படிக்கிறீர்கள். செல்போன் அலைகளுக்கும் இது பொருந்தும்.

அலைநீளத்தைக் கணக்கிடுவது எளிது. ஒளியின் வேகத்தை, அதாவது நொடிக்கு 30 கோடி மீட்டரை, அதிர்வெண்ணால் வகுக்க வேண்டும்.

700 மெகாஹெர்ட்ஸ் – சுமார் 43 செ.மீ.
900 மெகாஹெர்ட்ஸ் – சுமார் 33 செ.மீ.
1800 மெகாஹெர்ட்ஸ் – சுமார் 17 செ.மீ.
2100 மெகாஹெர்ட்ஸ் – சுமார் 14 செ.மீ.
3500 மெகாஹெர்ட்ஸ் – சுமார் 9 செ.மீ.

இந்திய செல்போன் சேவைகள் இத்தகைய பல அதிர்வெண் பட்டைகளில் நடைபெறுகின்றன. 5ஜி சேவை நம் நாட்டில் 2022 அக்டோபர் 1ஆம் நாள் தொடங்கப்பட்டது. அதற்கு 3300 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய உயர் பட்டை பெரிதும் பயன்படுகிறது. உயர் பட்டைகளில் ஒதுக்கப்படும் அலைவரிசை அகலமாக இருப்பதால் ஏராளமான தகவலை விரைவாக அனுப்பலாம். நகரத்துக்கு அது ஏற்றது. தாழ்ந்த பட்டையோ குன்றின் தோளைச் சுற்றி வளைந்து வருவதிலும் சுவரைத் துளைத்து உள்ளே நுழைவதிலும் வல்லது. கிராமத்துக்கும் மலையடிவாரத்துக்கும் அதுவே துணை.

இங்குதான் முக்கியமான செய்தி இருக்கிறது. கோபுரம் 700இல் ஒலிபரப்பினாலும், உங்கள் போனில் அந்தப் பட்டையை வாங்கும் அமைப்பு இல்லையென்றால் அந்த அலை உங்களைப் பொறுத்தவரை இல்லாததே. வானொலிப் பெட்டியில் சிற்றலை வசதி இல்லாவிட்டால் சிற்றலை நிலையம் கேட்காதது போலத்தான். பட்டைகளுக்கு எண்கள் உண்டு. 4ஜியில் 700 மெகாஹெர்ட்ஸுக்கு 28, 850க்கு 5, 900க்கு 8, 1800க்கு 3, 2100க்கு 1, 2300க்கு 40. போனின் விவரப் பட்டியலில் இந்த எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். கேமராவின் மெகாபிக்சலைப் படிக்கும் நாம் இந்த வரியைப் படிப்பதே இல்லை!

அழகும் ஆன்டெனாவும்

உலகின் முதல் கைப்பேசி அழைப்பு 1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் நகரத் தெருவில் நிகழ்ந்தது. மோட்டோரோலா நிறுவனப் பொறியாளர் மார்ட்டின் கூப்பர் பேசினார். அந்தக் கருவியின் தலையில் ஒரு நீண்ட ஆன்டெனா நின்றது. நம் நாட்டில் 1995 ஜூலை 31இல் கைப்பேசிச் சேவை தொடங்கிய காலத்திலும் போன்களின் உச்சியில் கட்டைவிரல் போல ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். 1999இல் வந்த நோக்கியா 3210 போன்ற போன்கள் ஆன்டெனாவை உள்ளே மறைப்பதைப் பரவலாக்கின. குச்சி மறைந்ததால் போன் அழகானது. ஆனால் ஆன்டெனாவின் தேவை மறையவில்லை.

ஆன்டெனா என்பது அலையுடன் ஒத்ததிர்வு கொள்ளும் கடத்தி. எளிய ஆன்டெனாவின் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு இருந்தால் போதும். 3500 மெகாஹெர்ட்ஸுக்கு 2 செ.மீ. போதும். 700க்கு ஏறத்தாழ 11 செ.மீ. வேண்டும். போனின் மொத்த நீளமே 16 செ.மீ.தான். அதற்குள் மின்கலம், திரை, கேமரா, ஒலிபெருக்கி எல்லாம் இடம் கேட்கின்றன. ஆகவே பொறியாளர்கள் ஆன்டெனாவை மடிக்கிறார்கள், வளைக்கிறார்கள். உலோகச் சட்டம் இருந்தால் அந்தச் சட்டத்தையே ஆன்டெனாவாக்கி விடுகிறார்கள்.

உலோகச் சட்டம் உள்ள போன் அருகில் இருந்தால் அதன் ஓரத்தை உற்றுப் பாருங்கள். குறுக்கே மெல்லிய கோடுகள் தெரிகின்றனவா? அவை அலங்காரமல்ல. அவை பிளாஸ்டிக்காலான மின்காப்புத் துண்டுகள். சட்டத்தை வெவ்வேறு நீளமுள்ள ஆன்டெனாக்களாகப் பிரிப்பவை அவையே. முழுவதும் உலோகத்தால் மூடிய பெட்டிக்குள் ஆன்டெனாவை வைத்தால் அலை உள்ளே வராது. அதனால்தான் போனின் முதுகு கண்ணாடியாலோ பிளாஸ்டிக்காலோ ஆகியிருக்கிறது, அல்லது உலோகத்தில் இத்தகைய இடைவெளிகள் இருக்கின்றன. அலையைப் பொறுத்தவரை விலை உயர்ந்த கண்ணாடியும் எளிய பிளாஸ்டிக்கும் ஒன்றுதான். இரண்டும் அதற்கு வழிவிடுகின்றன.

அழகும் ஆன்டெனாவும் மோதிக்கொண்ட கதை ஒன்று உலகப் புகழ் பெற்றது. 2010 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 4ஐ வெளியிட்டது. அதைச் சுற்றியிருந்த எஃகுப் பட்டையே ஆன்டெனா. பார்க்க மிக அழகு. ஆனால் இடக்கையில் பிடிக்கும்போது, கீழ் இடப்புறம் இருந்த இடைவெளியை உள்ளங்கை மூடியது. நம் தோல் ஓரளவு மின்கடத்தி அல்லவா? இரு ஆன்டெனாத் துண்டுகளையும் கை இணைத்துவிட, ஒத்ததிர்வு கெட்டு அலை வலுவிழந்தது. புகார்கள் குவிந்தன.

அந்த ஜூலை 2ஆம் நாள் நிறுவனம் ஒரு விளக்கம் தந்தது. கோடுகளைக் கணக்கிடும் சூத்திரமே தவறு, பல நேரங்களில் இரண்டு கோடுகளை மிகையாகக் காட்டி வந்திருக்கிறது என்பதே அது! பிறகு ஜூலை 16 அன்று, வாங்கியவர்களுக்கு இலவசமாக உறை தருவதாக அறிவித்தது. உறை என்ன செய்யும்? கைக்கும் உலோகத்துக்கும் இடையே மின்காப்பாக நிற்கும். கோடுகளை நம்பக் கூடாது என்பதையும், பிடிக்கும் விதம் முக்கியம் என்பதையும் இந்த ஒரே நிகழ்ச்சி உலகுக்குக் கற்றுத் தந்தது. கை மூடினால் ஓரளவு வலுவிழப்பது எல்லாப் போன்களுக்கும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைச் சோதனை

இவற்றையெல்லாம் அந்த மாணவிக்கு விளக்கிவிட்டு, "நான் சொல்வதையும் நம்பாதே, அம்மா. அளந்து பார்" என்றேன். எங்கள் ஆய்வக உதவியாளரிடம் அண்மையில் ஒன்பதாயிரத்துக்கு வாங்கிய எளிய போன் ஒன்று இருந்தது. ஒரு ஞாயிறு மட்டும் இரவல் தந்தார். அத்தை மகனின் போனும் வந்து சேர்ந்தது. நானும் அவர்கள் ஊருக்குச் சென்றேன்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை மாற்றாதே என்பது சோதனையின் முதல் விதி. ஆகவே ஒரே சிம்மை இரண்டு போன்களிலும் மாற்றி மாற்றிப் போட்டோம். உறைகளைக் கழற்றினோம். ஒரே முக்காலியின் மேல், ஒரே திசையில் வைத்தோம். மின்காந்த அலை நொடிக்கு நொடி ஏறி இறங்கும் என்பதால் ஒவ்வோர் இடத்திலும் பத்து முறை அளந்து சராசரி எடுத்தோம். அவளுடைய நோட்டில் எழுதிய சராசரிகள் இவை:

தாத்தாவின் கட்டில்: அழகிய போன் −119, எளிய போன் −107
திண்ணை: அழகிய போன் −112, எளிய போன் −101
கிணற்று மேடு: அழகிய போன் −96, எளிய போன் −91

கட்டிலருகே 12 டெசிபல் வேறுபாடு! 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு, மீதி 2க்கு ஏறத்தாழ 1.6 மடங்கு. பெருக்கினால் 16 மடங்கு. பிறகு கட்டிலருகே இருந்து ஐந்து முறை என் போனுக்கு அழைத்துப் பார்த்தோம். நான் கிணற்று மேட்டில் நின்றிருந்தேன். எளிய போனில் ஐந்து அழைப்புகளும் வந்தன. அழகிய போனில் ஒன்றுதான் வந்தது, அதுவும் பாதியில் அறுந்தது.

எளிய போனின் ஆன்டெனா சிறந்தது என்று முடிவு கட்டலாமா? மாணவி அப்படித்தான் சொன்னாள். "பொறு. பட்டை எண்ணைப் பார்" என்றேன். பட்டை எண்ணைக் காட்டும் இலவசச் செயலிகள் உண்டு. பார்த்தோம். எளிய போன் 28ஆம் பட்டையில், 700 மெகாஹெர்ட்ஸில் நின்றது. அழகிய போன் 1ஆம் பட்டையில், 2100இல் நின்றது. அதன் விவரப் பட்டியலில் 28 என்ற எண்ணே இல்லை! அது இந்தியாவில் விற்கப்பட்ட காலத்தில் அந்தப் பட்டை இங்கே பொதுமக்கள் சேவையில் இல்லை. ஆகவே தயாரிப்பாளர் அதைச் சேர்க்கவில்லை. யாருடைய தவறும் இல்லை. குன்றைச் சுற்றி வளைந்து வந்த அலையை வாங்க அதற்குக் காது இல்லை, அவ்வளவுதான். கிணற்று மேட்டிலிருந்து கோபுரத்தின் உச்சி கண்ணுக்குத் தெரியும். தடை இல்லாத அங்கே வேறுபாடும் குறைந்துவிட்டதைக் கவனித்தீர்களா?

அவளுடைய முகம் கொஞ்சம் வாடியது உண்மை. அந்தக் கண்ணாடி முதுகின் மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. சிறிது நேரம் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "கட்டில் பக்கத்தில் எடுப்பதுதான் வேண்டும், அப்பா" என்றாள். மறுவாரம் எளிய போனையே வாங்கினார்கள். மீதி இரண்டாயிரத்தில் தாத்தாவின் மருந்து வந்தது. "கேமரா சுமார்தான் சார்" என்று இன்னமும் என்னிடம் குறைபட்டுக்கொள்கிறாள். ஆனால் இரவில் கிணற்று மேட்டுக்கு ஓட வேண்டியதில்லை.

கடைக்குப் போகும் முன்

1. முதலில் உங்கள் இடத்தில் எந்த நிறுவனத்தின் சேவை, எந்தப் பட்டையில் கிடைக்கிறது என்று பாருங்கள். அக்கம்பக்கத்தாரின் போன்களில் அளக்கலாம். நிறுவனங்கள் தம் வலைத்தளத்தில் வெளியிடும் சேவை வரைபடத்தையும் பார்க்கலாம். கோபுரம் இல்லாத இடத்தில் எந்தப் போனாலும் பயனில்லை.

2. அந்தப் பட்டை எண் போனின் விவரப் பட்டியலில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். பழைய போன், வெளிநாட்டிலிருந்து வந்த போன் என்றால் கட்டாயம் பாருங்கள்.

3. 4ஜி வழியாகவே குரல் செல்லும் வசதி உங்கள் நிறுவனத்தின் சிம்முடன் வேலை செய்கிறதா என்று கேளுங்கள். வீட்டில் வைஃபை இருந்தால், வைஃபை வழியாக அழைக்கும் வசதியும் பயன் தரும்.

4. உலோக உறைகளையும், முதுகில் ஒட்டும் பெரிய காந்தத் தகடுகளையும் தவிருங்கள்.

5. வலுவற்ற இடத்தில் போன் தன் அலையை உரக்க அனுப்பும், அதாவது கூடுதல் திறனில். மின்கலம் விரைவில் தீரும். ஆகவே அத்தகைய ஊரில் பெரிய மின்கலம் ஆடம்பரமல்ல, தேவை.

இவற்றில் தேறிய போன்களுக்குள் உங்களுக்குப் பிடித்த நிறத்தையும் வடிவத்தையும் தேர்ந்தெடுங்கள். அழகு வேண்டாம் என்று இயற்பியல் சொல்வதில்லை. அதைக் கடைசியில் பார்க்கச் சொல்கிறது.

நீங்களும் செய்து பாருங்கள்

ஒரு போனை மூடி உள்ள எவர்சில்வர் தூக்குச்சட்டிக்குள் வைத்து, வேறொரு போனிலிருந்து அழையுங்கள். மணி அடிக்கிறதா? பிறகு அதே போனைச் சமையலறை அலுமினியத் தாளில் இடைவெளியின்றி மூன்று நான்கு சுற்றுச் சுற்றி அழையுங்கள். முதலில் அடித்த மணி இரண்டாவதில் அடிக்காமல் போனால், சட்டியின் மூடிக்கும் விளிம்புக்கும் இடையிலுள்ள இடுக்கை நினைத்துப் பாருங்கள்.

உங்கள் வீட்டின் தரைப்படம் ஒன்றை வரையுங்கள். ஒவ்வோர் அறையிலும் பத்து அளவீடு எடுத்துச் சராசரியைக் குறியுங்கள். சன்னலோரம், மாடிப்படி, கான்கிரீட் அறை, ஓட்டு வீட்டுப் பகுதி ஆகியவற்றை ஒப்பிடுங்கள். எந்த இடம் சிறந்ததோ அதை வீட்டிலுள்ள பெரியவர்களுக்குக் காட்டி வையுங்கள். அவசர நேரத்தில் அது உதவும்.

சிந்திக்க

1. ஒரு போன் −88, இன்னொன்று −94 காட்டுகிறது. முதலாவது வாங்கும் திறன் எத்தனை மடங்கு?
2. 2300 மெகாஹெர்ட்ஸ் அலையின் கால் பங்கு நீளம் எவ்வளவு?
3. மழைக்காலத்தில் தோப்பு நடுவிலுள்ள வீட்டில் அலை வலுவிழப்பது ஏன்?
4. கிணற்று மேட்டில் மட்டும் இரு போன்களுக்கும் வேறுபாடு குறைந்தது. இதை விளிம்பு விளைவைக் கொண்டு விளக்குக.